பின்வீடு கட்டுகிறீர்களா? மின்பளுவை முதலில் கணக்கிடுங்கள்!

மகனுக்குத் திருமணம் முடிந்ததும் வீட்டின் பின்புறத்தில் படுக்கையறை, குளியலறை, சமையலறையுடன் தனிப்பகுதி கட்டிக் கொடுக்கும் பெற்றோர் நம்மிடையே பலர் உண்டு. சிமெண்டுக்கும் ஓட்டுக்கும் கணக்குப் பார்ப்பவர்கள், மின்சாரத்திற்கு மட்டும் பழைய வீட்டிலிருந்து ஒரு வயரை இழுத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆபத்து அங்குதான் தொடங்குகிறது.

கணக்கு எப்படி?

பொருளின் வாட் அளவை 230 வோல்ட்டால் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் தெரியும். 3,600 வாட் சுடுநீர்க் கருவி ஒன்று மட்டுமே சுமார் 16 ஆம்பியர் இழுக்கும்.

எல்லாப் பொருள்களும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால், வேலை முடிந்து இரு குடும்பமும் வீடு திரும்பும் மாலை வேளையை எண்ணிப் பாருங்கள். சுடுநீர்க் கருவி இரண்டுக்கு 7,200 வாட், குளிர்சாதனம் நான்குக்குச் சுமார் 4,000, மின் அடுப்புக்கு 2,000, கெட்டிலுக்கு 2,000, குளிர்பதனப் பெட்டி, விளக்கு, மின்விசிறி ஆகியவற்றுக்கு 800. மொத்தம் 16,000 வாட், அதாவது சுமார் 70 ஆம்பியர்!

ஒற்றைக் கட்டமா, மும்முனையா?

தெனாகா நேஷனல் நிறுவனத்தின் விதிப்படி ஒற்றைக் கட்ட இணைப்பு 12 கிலோவோல்ட் ஆம்பியர் வரைக்கும்தான். அது ஏறக்குறைய 52 ஆம்பியர். அதற்கு மேல் தேவைப்பட்டால் மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதே 16,000 வாட்டை மூன்று முனைகளுக்கும் சமமாகப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் சுமார் 23 ஆம்பியர்தான் ஓடும். இரண்டு சுடுநீர்க் கருவிகளையும் ஒரே முனையில் மாட்டிவிட்டால் இந்தப் பயன் கெட்டுவிடும்.

பியூஸை மாற்றினால் போதாதா?

அடிக்கடி மின்சாரம் துண்டிக்கப்படுகிறதே என்று சிலர் பெரிய பியூஸைப் போட்டுவிடுகிறார்கள். துண்டிப்பது கோளாறு அல்ல, எச்சரிக்கை. வயரில் மின்னோட்டம் இரு மடங்கானால், அதில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். காவலனை அகற்றிவிட்டால், கூரைக்குள் மறைந்திருக்கும் வயர் உருகித் தீப்பிடிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

பின்வீட்டுக்குத் தனி விநியோகப் பெட்டி வையுங்கள். சுடுநீர்க் கருவிக்குத் தனி வயரும், 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் அவசியம்.

யாரிடம் கொடுப்பது?

எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரிடமே வேலையை ஒப்படைக்க வேண்டும். வயர்மேன் சான்றிதழில் ஒற்றைக் கட்டத்திற்கும் மும்முனைக்கும் தனித்தனித் தகுதி உண்டு. அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றிதழையும் சோதனைச் சான்றிதழையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

சுவர் எழுப்பிய பிறகு அதை உடைத்து வயர் மாற்றுவதைவிட, அடித்தளம் போடும்முன் கணக்குப் போடுவது மலிவு. அந்தக் கூரையின் கீழ் உறங்கப் போவது நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அல்லவா?