சல்லடையில் இருக்கிறது சூட்சுமம்

நல்லெண்ணெய் தேய்த்து அரைமணி ஊறிய உடம்பில் பயத்தமாவைத் தூவி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்தால் முழங்கை மடிப்பிலும் கழுத்தோரத்திலும் சாம்பல் நிறத்தில் திரி திரியாக உருண்டு விழும். "எவ்வளவு அழுக்கு பார்!" என்று பெரியவர்கள் திருப்தியோடு சொல்வார்கள். அந்தத் திரியில் ஒன்றை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள். அதில் பெரும்பகுதி, நாம் தூவிய மாவும் தேய்த்த எண்ணெயும்தான். மீதியில் அதிகம் இருப்பது செத்துப்போன தோல் செல்கள். தெருப்புழுதி என்று சொல்லத்தக்கது கொஞ்சம்தான்.

இந்தச் செத்த செல்களை அப்புறப்படுத்துவதைத்தான் இப்போது 'ஸ்கிரப்' என்ற பெயரில் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். கடைச் சரக்கு வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்கிறோம் என்பவர்களின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே இருக்கிறது. காபித்தூள், சர்க்கரை, எலுமிச்சை, சமையல் சோடா, வால்நட் ஓடு என்று சமையலறையே குளியலறைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. எல்லாவற்றின் மேலும் ஒட்டியிருக்கும் ஒரே முத்திரை 'இயற்கையானது' என்பது. தோலுக்கு அந்த முத்திரையைப் படிக்கத் தெரியாது. மேலே உருளும் துகள் எவ்வளவு பெரியது, கூரானதா மழுங்கியதா, தண்ணீரில் கரையுமா, எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறார்கள் என்ற கணக்குத்தான் அதற்குத் தெரியும்.

தோலின் மேலடுக்குக்குக் கெராட்டின் அடுக்கு என்று பெயர். உள்ளங்கை, உள்ளங்காலை விட்டுவிட்டால், உடம்பின் மற்ற இடங்களில் அதன் தடிமன் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான், ஒரு தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் பதினைந்து இருபது வரிசையாகத் தட்டையான செத்த செல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்கத் தோல் ஆய்வாளர் பீட்டர் எலியாஸ் இதைச் செங்கல் சுவர் என்று வர்ணித்தார். செல்கள் செங்கல், இடையில் இருக்கும் செராமைடு, கொழுப்பு அமிலம், கொலஸ்ட்ரால் கலவை சாந்து. உடம்பின் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் கிருமி உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர்தான்.

மேல்வரிசைச் செல்கள் தானாகவே உதிர்கின்றன. செல்லையும் செல்லையும் இணைக்கும் புரதப் பிணைப்புகளைச் சில நொதிகள் மெல்ல மெல்ல அறுத்துவிடும். அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர, இளம் வயதில் ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும். நொதிகள் வேலை செய்ய ஈரம் வேண்டும். பனிக்காலத்தில் கால் வெள்ளைவெள்ளையாகச் செதில்விடுவதற்குக் காரணம், காய்ந்த தோலில் அறுப்பு வேலை பாதியில் நின்றுபோவதுதான். அப்படி அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருப்பதைத் தேய்த்து எடுப்பதுவரை சரி. அதற்குமேல் தேய்த்தால் எடுபடுவது உயிர்ச்செல்லுக்குப் போர்வையாக இருக்கும் வரிசை. குளித்து வந்ததும் முகம் பளபளவென்று இருந்து, கொஞ்ச நேரத்தில் இழுத்துப் பிடித்தாற்போல் ஆகி, பவுடர் போட்டால்கூட எரிகிறதென்றால் அதுதான் நடந்திருக்கிறது.

இனி துகள் கணக்குக்கு வருவோம். கடையில் வாங்கும் சர்க்கரையின் ஒரு மணி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அதாவது, அது உரச வேண்டிய அடுக்கைவிட ஐம்பது மடங்காவது பெரியது, போதாததற்கு விளிம்பெல்லாம் கூர். கன்னத்தில் அதை வைத்துத் தேய்க்கச் சொல்லும் குறிப்புகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. சர்க்கரைக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு: ஈரத்தில் கரைந்துகொண்டே வருவதால் தேய்க்கத் தேய்க்க முனை மழுங்கிவிடும். மிக்ஸியில் ஒரு சுற்றுவிட்டுப் பொடித்து, தேங்காயெண்ணெயில் குழைத்துக் கை, காலுக்குப் போட்டால் தப்பில்லை. டிகாஷன் இறக்கிய காபிச் சக்கைக்கு அந்த நல்ல குணம் இல்லை. அது கரையாது, முதல் தேய்ப்பில் எப்படியோ கடைசித் தேய்ப்பிலும் அப்படியே. குளியலறைக் குழாயையும் அடைக்கும். வால்நட் ஓட்டுத்தூள் இன்னும் மோசம், உடைந்த ஓட்டின் விளிம்பு ஒழுங்கற்றது. அதைப் போட்ட ஒரு முகப்பூச்சின் மேல் 2016இல் அமெரிக்காவில் வழக்கே தொடுத்தார்கள். தீங்கு நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. ஆனாலும் என் முகத்துக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒரு வேடிக்கை: உருண்டையாக, மழமழப்பாக, ஒரே அளவாக இருந்த துகள், தோலைப் பொறுத்தவரை பரவாயில்லாத ஒன்று, பிளாஸ்டிக் மணிதான். அது சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போய் மீன் வயிற்றில் சேர்ந்ததால், 2015 டிசம்பரில் அமெரிக்கா அதற்குத் தடைச்சட்டம் போட்டது. வேறு நாடுகளும் பின்தொடர்ந்தன. அந்த இடத்தை நிரப்பத்தான் ஓடும் கொட்டையும் உப்பும் முன்னுக்கு வந்தன.

நம் நலங்கு மாவு இந்தப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கும். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் என்று வீட்டுக்கு வீடு பட்டியல் மாறும். மாறாதது சலிப்பு. மில்லில் அரைத்து வந்த மாவை அப்படியே டப்பாவில் கொட்ட மாட்டார்கள். ஆறவிட்டு, சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் கப்பியை ஒதுக்கிவிடுவார்கள். சித்த மருத்துவத்தில் சூரணத்துக்கு இன்னும் ஒருபடி மேலே போய் மெல்லிய துணியில் சலிப்பார்கள். வஸ்திரகாயம் என்பது அதற்குப் பெயர். முகத்துக்கான மாவுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பழைய வேட்டித்துணியை ஒரு பாத்திரத்தின் வாயில் தொய்வாகக் கட்டி, மாவைக் கொட்டி விரலால் அளைந்தால், புகைபோல் கீழே இறங்குவதுதான் முகத்துக்கு. துணியில் நிற்பது கைக்கும் முதுகுக்கும். முதல் சலிப்பில் நின்ற கப்பி குதிகாலுக்கு. இறங்கிய மாவைத் தண்ணீரில் குழைத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பாருங்கள், நெருடவே கூடாது.

பயறு மாவுக்கு வேறு சில குணங்களும் உண்டு. நனைந்ததும் துகள் ஊறி மெத்தென்று ஆகிவிடும். அதிலிருக்கும் மாச்சத்தும் புரதமும் எண்ணெயை உறிஞ்சும். கொஞ்சம் சபோனின் இருப்பதால் லேசாக எண்ணெய் போக்கும், சோப்பைப்போல் காரம் ஏற்றாமல். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உடையது, பி.எச். அளவு 5ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பு 9, 10 என்று நிற்கும். சமையல் சோடா 8ஐத் தாண்டும். முகத்துக்குச் சோடா போடுகிறவர்கள் சாந்தைக் கரைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மில்லைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்கு முன்னால் அந்த மெஷினில் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மிளகாய்த்தூள் ஓடிய மெஷினில் நலங்கு மாவை அரைத்துவந்து முகத்தில் பூசினால், அன்றைக்கு அந்த வீட்டில் விசேஷம்தான். மிளகாயின் காப்சைசின் தண்ணீரில் கரையாது. எத்தனை முறை கழுவினாலும் எரிச்சல் லேசில் போகாது. எண்ணெயோ பாலோ தடவித் துடைத்தால் கொஞ்சம் மட்டுப்படும்.

தேய்க்காமலே செத்த செல்லை உதிர்க்கவும் வழி இருக்கிறது. பிலடெல்பியாவைச் சேர்ந்த யூஜின் வான் ஸ்காட்டும் ருயி யூவும் 1974இல், லாக்டிக் அமிலம் போன்ற பழ, பால் அமிலங்களைத் தடவினால் மீன்செதில் நோயாளிகளின் தடித்த தோல் இளகி உதிர்வதைக் காட்டினார்கள். இன்றைய பழ அமில 'பீல்' சிகிச்சைகளுக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி. நம் தயிரில் இருப்பதும் லாக்டிக் அமிலமே, ஏறக்குறைய ஒரு சதவீதம். மருந்துக்கடைப் பூச்சுகளில் அது பல மடங்கு. ஆகவே தயிரிடம் அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். மாவைக் குழைக்கத் தண்ணீருக்குப் பதில் தயிர் என்றால் தோலின் அமிலத்தன்மையோடு ஒத்துப்போகும், அவ்வளவுதான். பப்பாளியும் அப்படியே. புரதத்தை அறுக்கும் பப்பாயின் நொதி காயின் பாலில்தான் அதிகம். பழத்தில் மிகக் குறைவு. பால் வடியும் காயை முகத்தில் தேய்ப்பதோ ஒவ்வாமைக்கு அழைப்பு. எலுமிச்சைக்கு வந்தால், அதன் பி.எச். 2ஐ ஒட்டியது, தவிர, அந்த வகைப் பழத்தோலில் இருக்கும் பியூரனோகூமரின் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பி, பல வாரம் போகாத கருந்தழும்பு விழும். சர்பத்துக்குப் பிழிவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கருந்தழும்பு என்பது நமக்குக் கூடுதல் கவலை. மாநிற, கறுப்புத் தோலில் மெலனின் செல்கள் சுறுசுறுப்பானவை. சின்ன உரசல், சின்ன அழற்சி என்றாலும் அந்த இடத்தில் நிறமி கொட்டிவிடும். கறுப்பு போகட்டும் என்று கழுத்தைப் போட்டுத் தேய்ப்பவர்களுக்குக் கழுத்து இன்னும் கறுப்பது இதனால்தான். 1980களில் ஜப்பானில், முதுகிலும் தோள்பட்டை எலும்பின் மேலும் பழுப்புத் திட்டுகளோடு வந்தவர்களை விசாரித்தபோது, எல்லோரும் நைலான் துண்டால் முதுகு தேய்த்துக் குளிப்பவர்கள் என்று தெரிந்தது. நம் ஊர்த் தோல் மருத்துவர்களும் இதே திட்டுகளை அடிக்கடி பார்க்கிறார்கள். கழுத்தில் கறுப்போடு தோல் தடித்து வெல்வெட்டுபோல் இருந்தால் அது தேய்த்துப் போகும் சமாசாரமே இல்லை. இன்சுலின் வேலை செய்வதில் கோளாறு இருக்கலாம், சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.

ஜப்பானிலிருந்தே இன்னொரு பாடம். அங்கே நன்றாக விற்ற ஒரு முகச் சோப்பில், கோதுமைப் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் சேர்த்திருந்தார்கள். அதைப் பயன்படுத்திய 2,000க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் தின்று ஒன்றும் ஆகாதவர்கள், அதே ரொட்டியைத் தின்று முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாய்வழியாகப் போகும் புரதத்தை உடம்பு பெரும்பாலும் உணவு என்று ஏற்றுக்கொள்கிறது. அதுவே உரசிய தோல் வழியாக, திரும்பத் திரும்ப நுழைந்தால் எதிரி என்று பதிவுசெய்துகொள்ளக்கூடும். நம் வீட்டு மாவு அப்படி உடைத்த புரதம் அல்ல. பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் தோலில் கரப்பான் இருக்கும் கைக்குழந்தைக்கு, உடம்பு முடி உதிர வேண்டும் என்று கடலை மாவைப் பிசைந்து உருட்டி உருட்டித் தேய்ப்பதை நிறுத்த இந்த ஒரு காரணம் போதும். குழந்தையின் மேலடுக்கு பெரியவர்களுடையதைவிட மெலிது. பிறந்தபோது இருக்கும் பூனைமுடியோ மாவு தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் உதிர்ந்துவிடும்.

தலைக்குத் தேய்ப்பது தனிக் கதை. பொடுகு என்றதும் செதிலைச் சுரண்டி எடுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். செதில் விளைவுதான், வேர் மலசீசியா என்ற பூஞ்சை. எல்லோர் தலையிலும் குடியிருக்கும் இது, தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரிக்கத் தெரியாத பிராணி. தலையில் சுரக்கும் எண்ணெய்ப்பசையை உடைத்துத் தின்றுவிட்டு, ஒலீயிக் அமிலத்தை மிச்சம் வைக்கும். அந்த அமிலம் ஒத்துக்கொள்ளாத தலைகளில் அரிப்பெடுத்து, செல்கள் அவசரமாகப் பிறந்து கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. உப்போ சர்க்கரையோ போட்டுத் தேய்த்தால் இன்றைய செதில் போகும். பூஞ்சை அங்கேயேதான் இருக்கும். அதற்குக் கீட்டோகோனசோல் போன்ற மருந்து ஷாம்பு வேண்டும். பொடுகுத் தலையில் ஆலிவ் எண்ணெயை ஊறவைப்பது பூஞ்சைக்குப் பந்தி போடுவது மட்டுமல்ல, அரிப்பையும் கூட்டுவதாகும்; ஆலிவில் ஒலீயிக் அமிலம்தான் பிரதானம்.

பொடுகு இல்லாமல் வெறும் பிசுக்கும் தூசியும் என்றால் சீயக்காயும் அரப்பும் போதும். ஆனால் சீயக்காய்த் தூளை அப்படியே போட்டுக் கரகரவென்று தேய்ப்பது முடிக்கு ஆகாது. முடியின் மேலே ஓட்டுக்கூரைபோல் படிந்த செதில்கள் நனைந்திருக்கும்போது எளிதில் தூக்கிக்கொள்ளும். திப்பியின் உரசலில் பிய்ந்தும் போகும். சபோனின் தண்ணீரில் இறங்கிவிடுவதால், காயைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாறே அழுக்கெடுக்கும். தூள்தான் வேண்டும் என்றால் வடிகஞ்சியில் குழைத்துப் போடுங்கள். கஞ்சியின் மாச்சத்து முடிக்கும் தூளுக்கும் நடுவே வழுவழுப்பாக நின்று உரசலைக் குறைக்கும். ஊறவைத்து அரைத்த வெந்தயத்தின் பிசின் செய்வதும் இதே வேலை. தேய்ப்பது நகத்தால் அல்ல, விரல் நுனிச் சதையால்.

சொரியாசிஸ் உள்ளவர்கள் உடம்பிலும் தலையிலும் எந்த ஸ்கிரப்பையும் தொட வேண்டாம். கீறல் பட்ட இடத்தில் புதிதாகச் சொரியாசிஸ் திட்டு முளைப்பதை ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் கெப்னர் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். மருவும் பாலுண்ணியும் தேய்த்தால் பரவும். சீழ்ப் பருவைத் தேய்த்தால் உடைந்து குழிவிழும். ரெட்டினாயிடு களிம்பு போடுகிறவர்களுக்கு மேலடுக்கு ஏற்கெனவே இளகியிருக்கும். சர்க்கரை நோயாளிகள் துணி துவைக்கிற கல்லில் குதிகாலைத் தேய்ப்பதைக் கண்டிப்பாக விட வேண்டும். மரத்த காலில் தோல் கிழிந்தாலும் தெரியாது. மற்றவர்களுக்கு உடம்புக்கு வாரம் ஒருமுறை, முகத்துக்கு அதைவிடக் குறைவாக, அரை நிமிடம். துடைத்த ஈரம் காய்வதற்குள் கொஞ்சம் தேங்காயெண்ணெய்.

உலர்ந்த மாவு காற்றுப்புகாத டப்பாவில் சில மாதம் தாங்கும். தண்ணீர் பட்டுவிட்டால் அது இட்லிமாவுக்குச் சமம், அன்றே புளிக்கத் தொடங்கும். குழைத்ததில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். மாவுக்குப் பதில் பீர்க்க நாரை வைத்துத் தேய்ப்பவர்களுக்கும் ஈரம்தான் பகை. குளியலறை மூலையில் ஈரமாகவே தொங்கும் நாரில் சூடோமோனாஸ் பாக்டீரியா பெருகி, முடிக்கால்களில் கொப்புளம் வரவழைப்பதை 1993இலேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். குளித்ததும் பிழிந்து வெயிலில் போட்டு, மாதம் ஒன்று மாற்றினால் போதும். கொல்லையில் கொடி இருப்பவர்களுக்கு இது செலவே இல்லை. நாலைந்து காயைப் பறிக்காமல் முற்றவிட்டால், நெற்றை உரித்து விதையைத் தட்டி, துண்டு போட்டு, வருஷம் பூராவும் வைத்துக்கொள்ளலாம்.