கிணற்றுக்கட்டும் மேகக்கணினியும்

உரும்பிராய்ச் சந்தியிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்மண் தோட்டமும் கிணறும்தான். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெங்காயமும் புகையிலையும் விளைவது சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைநீரால். அந்த நன்னீர் கீழே கிடக்கும் உவர்நீரின்மேல் மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்கிறது கைபென்-ஹெர்ஸ்பேர்க் விதி. பொந்தும் வெடிப்புமான நமது கல்லில் இது குத்துமதிப்புத்தான்.

ஊர்க் கிணறுகளின் கட்டுகளில் உணரி பொருத்தி, அளவை இணையம் வழியே மேகக்கணினிக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கட்டிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே என்பதை மட்டுமே உணரி சொல்லும். கட்டு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். அமேசனின் ஐஓடி சைட்வைஸ் போன்ற தளங்களில் கிணறு ஒரு 'சொத்து'; ஓயாமல் வரும் ஆழம் 'அளவீடு'; கட்டின் உயரம், உணரியின் வகை போன்றவை 'பண்புகள்'. உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் நீர்மட்டம்.

அளவீடு தன்பாட்டில் வந்துகொண்டிருக்கும். தலையிடி பண்புகளில்தான். மட்ட அளவை மறுபடி எடுத்து, 400 கிணறுகளின் உயரத்தைத் திருத்த வேண்டி வந்தால்? ஒவ்வொன்றாகத் திறந்து தட்டினால், களைத்த கை எங்காவது 29 அடியை 30 ஆக்கும். அந்த ஓரடி, விதிப்படி, இல்லாத 40 அடி நன்னீரைத் திரையில் உண்டாக்கிவிடும்.

நிரல் எழுதி அனுப்பலாம். சைட்வைஸ் ஒரு வேண்டுகோளில் 10 பதிவுகளைத்தான் ஏற்கும். ஆக 40 வேண்டுகோள்கள். அவசரப்பட்டுக் கொட்டினால் சில ஏறும், சில திரும்பும். திரும்பியதைக் குறித்துவைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பும் புத்தி நிரலுக்கு வேண்டும். 2023 இறுதியில் இன்னொரு வழியும் வந்தது: எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதிச் சேமிப்பகத்தில் வைத்தால், தளமே வாசித்து மாற்றும். அந்தக் கோப்பில் கிணறுகளுக்கு நாமே இலக்கம் கொடுப்பது நல்லது. 'கோயிலடிக் கிணறு' என்று பெயரிட்டால், எந்தக் கோயிலடி?

உண்மையான சிக்கு திகதியில் இருக்கிறது. தை மாதம் ஒருவர் கட்டை ஓரடி உயர்த்திக் கட்டுகிறார். அன்றிலிருந்து தண்ணீர் ஓரடி வற்றியதாகத் திரை காட்டும். உயரத்தை ஓரடி கூட்டும் திருத்தம் தையிலிருந்து மட்டும் செல்லவேண்டும். பழைய அளவையே பிழையென்றால், தொடக்கத்திலிருந்தே செல்லவேண்டும். இரண்டையும் ஒரே கோப்பில் கலந்துவிட்டால் எந்தத் தளமும் பிரித்துத் தராது. அதோடு, சைட்வைஸின் அந்தச் சாதாரண வேண்டுகோள் 7 நாளுக்கு முந்திய திகதியை ஏற்பதில்லை. சித்திரையில் விழித்துக்கொள்பவர் பழைய மாதங்களைத் தனியே எடுத்துத் திருத்தவேண்டியதுதான்.