மெட்டுக்கும் எழுத்து உண்டு

பெக்கோக் வட்டாரத் தோட்டத்துப் பெற்றோர்களே! உங்கள் வீட்டில் பழைய பஜனைப் பாட்டு நோட்டு இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். பாட்டின் வரிகள் இருக்கும்; மெட்டு இருக்காது. என் தந்தையாரின் நோட்டும் அப்படித்தான். அவர் மறைந்ததும் பாதிப் பாட்டுகளின் மெட்டும் அவருடனேயே போய்விட்டது.

இந்த இழப்பை அன்றே உணர்ந்தவர் சென்னை சின்னசாமி முதலியார். அவருடைய தூண்டுதலால் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர், முத்துசாமி தீட்சிதரின் கிருதிகளைச் சுரப்படுத்தி 1904-இல் நூலாக வெளியிட்டார். 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்பது அதன் பெயர்.

சுரக்குறிப்பு கடினமானதன்று. ச, ரி, க, ம, ப, த, நி என ஏழு சுரங்கள். 'ச' என்ற குறில் ஓர் அட்சரம். 'சா' என்ற நெடில் இரண்டு. காற்புள்ளி ஓர் அட்சரம் நீட்டும். அரைப்புள்ளி இரண்டு நீட்டும். சுரத்தின் தலையில் புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி. அடியில் இருந்தால் கீழ் ஸ்தாயி. ஆதி தாளத்துக்கு எண்ணிக்கை 8. அது 4, 2, 2 எனப் பிரியும். பகுதி முடிந்தால் ஒற்றைக் கோடு, ஆவர்த்தம் முடிந்தால் இரட்டைக் கோடு.

பிள்ளைகள் பள்ளியில் ரெக்கார்டர் வாசிக்கும் தாளில் ஐந்து கோடுகள் இருக்கும். குறி மேலே ஏற ஏறச் சுரமும் உயரும். நான்கு தட்டுப் பாட்டில், கறுத்த முட்டையும் காம்பும் ஒரு தட்டு; வெள்ளை முட்டையும் காம்பும் இரண்டு; காம்பில்லா வெள்ளை முட்டை நான்கு. அவ்வளவுதான்.

இன்று மாலை பாட்டியைப் பாடச் சொல்லுங்கள். பிள்ளையிடம் பென்சிலைக் கொடுங்கள். ஒரு தாலாட்டாவது மெட்டோடு தாளில் ஏறட்டும்.