மேற்குப் பிளோரிடாக் குடியேறிகளின் கிளர்ச்சி (1810)

அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிகள் எனின் பொலிவாரின் பெயரே நம் நினைவிற்கு முதலில் வருகின்றது. 1810இல் மிசிசிப்பி ஆற்றங்கரையில், ஆங்கிலம் பேசும் குடியேறிகள் நடத்திய கிளர்ச்சி பலராலும் அறியப்படாதது. அது மன்னனின் பெயராலேயே தொடங்கியது என்பதனை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

1803இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் லூசியானாவைப் பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கின. மேற்குப் பிளோரிடாவும் அவ்விற்பனையில் அடங்கும் என்றது வாஷிங்டன். அடங்காது என்றது ஸ்பெயின். குடியேறிகளோ ஸ்பெயின் வழங்கிய நிலத்தில் பெரும்பாலும் அமைதியாகவே வாழ்ந்தனர். 1804இல் கெம்பர் சகோதரர்கள் கலகம் செய்தபோது அவர்களுக்குப் போதிய ஆதரவு கிட்டவில்லை. நிலைமையை மாற்றியது நெப்போலியனின் செயலே. 1808இல் அவர் தம் அண்ணனை ஸ்பெயினின் அரியணையில் அமர்த்தினார். அரசுரிமையே ஐயத்திற்குரியதானபின், அவ்வரசு அளித்த நிலப்பட்டாவின் கதி யாது? குடியேறிகளின் அச்சத்திற்கு இதுவே அடிப்படை எனக் கருதுகின்றோம்.

1810 ஜூலையில் கூடிய அவர்தம் பேரவை, ஏழாம் பெர்டினாண்டு மன்னனுக்கு விசுவாசம் தெரிவித்தே சீர்திருத்தம் கோரியது. ஆளுநர் தெ லாசூஸ் இசைவது போலக் காட்டி, பென்சகோலாவிலிருந்து படையுதவி வேண்டி மறைவாக மடல் விடுத்தார். மடல் இடைவழியில் சிக்கியது. செப்டம்பர் 23 விடியலில் பிலிமன் தாமஸ் தலைமையில் நூற்றுக்கும் குறைவானோர் பேட்டன் ரூஜ் கோட்டையைக் கைப்பற்றினர். அங்கு உயிரிழந்த லூயி தெ கிராண்ட் பிரே, குடியேறிகள் பெரிதும் மதித்த முன்னாள் ஆளுநரின் மகன் என்பது வேதனைக்குரியது.

மூன்று நாள் கழித்து விடுதலை அறிவிக்கப்பட்டது. மன்னன் காப்பான் எனும் நம்பிக்கை இருந்தவரை தாம் விசுவாசமாகவே இருந்ததாக அவ்வறிக்கை வாதிடுகின்றது. தோட்டங்களில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பொது நிலங்களைத் தமக்கே விட்டுத்தருமாறு கோரியவாறு, புதிய குடியரசினர் அமெரிக்காவுடன் இணையவும் முன்வந்தனர். அதிபர் மேடிசன் அவர்களுடன் பேரம் பேசவில்லை. இந்நிலம் 1803லேயே தமக்குரியதாயிற்று என அக்டோபர் 27இல் பிரகடனம் செய்தார். வாங்கிய நிலத்தில் வேறொரு குடியரசு இருத்தல் இயலாதன்றோ! அதன் தலைவர் ஸ்கிப்வித் மனக்கசப்புடன் பணிந்தார். டிசம்பர் 10இல் நீலப்பின்னணியில் ஒற்றை வெண்மீன் பொறித்த கொடி பேட்டன் ரூஜில் இறக்கப்பட்டது. மொபைல் நகரம் மட்டும் 1813வரை ஸ்பெயின் வசமே இருந்தது.