உங்களுக்குத் தெரியுமா? ஹாம் நிலையத்தைக் கூலிக்கு இயக்க முடியாது!

மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்துச் செயற்கைக்கோள் வழியாகப் பேச ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் போதும். ஆனால் அதை வைத்துக் காசு பார்க்க முடியாது.

● பண ஆதாயம் கருதாமல், சொந்த ஆர்வத்துக்காக மட்டும் நடத்துவதே அமெச்சூர் வானொலி என்கின்றன ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகள்.

● அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதிகளில் 97-ஆம் பகுதி இன்னும் கறார். கூலி வாங்கிக்கொண்டு எதையும் அனுப்பக் கூடாது. மறைமுகமாகப் பெறுவதும், ‘பிறகு தருகிறேன்’ என்ற வாக்குறுதியும்கூடத் தடைக்குள் அடக்கம். ஒரு நிறுவனம் தன் செயற்கைக்கோளுக்குக் கட்டளை அனுப்ப மணிக்கு இவ்வளவு என்று பேரம் பேசினால், ஹாம் அலைவரிசையில் அதைச் செய்ய வழியில்லை.

● அதே விதிகளில் ஆசிரியருக்கு விலக்கு உண்டு. வகுப்புப் பாடத்தின் பகுதியாக நிலையத்தை இயக்கும் நேரத்துக்கும் அவர் சம்பளம் வாங்கலாம்.

● பழைய ரேடியோ விற்பனைக்கு உண்டு என்று ஹாம் நண்பர்களிடம் அலைவரிசையிலேயே சொல்லலாம். அதையே தொடர் வியாபாரமாக்கினால் விதிமீறல்.

● இஸ்ரோ 2005 மே 5-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ‘ஹாம்சாட்’ செயற்கைக்கோள், பல நாட்டு ஹாம்களின் பேச்சைச் சுமந்தது. கட்டணம்? ஒரு பைசாகூட இல்லை!