தூணைப் பிளந்த சிங்கத்துக்கும் வேப்பனப்பள்ளிக்கும் என்ன உறவு தெரியுமா?

வேப்பனப்பள்ளியில் ஒரு கல்யாணப் பந்தியில் நின்று "நரசிம்மா!" என்று குரல் கொடுத்துப் பாருங்கள். நரசிம்மன், நரசிம்மப்பா, நரசிம்முலு என்று எத்தனை பேர் திரும்புவார்கள் தெரியுமா? தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றுக்கும் ஒரே சாமி!

ஒரு பக்கம் கோலார், இன்னொரு பக்கம் குப்பம். இந்த எல்லை மண்ணுக்கு ஏற்ற சாமிதான் அவர். பகலிலும் சாகக்கூடாது, இரவிலும் சாகக்கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது, வெளியிலும் கூடாது என்று இரணியன் வரம் வாங்கினான். அந்தி நேரத்தில், வாசற்படியில், மடியில் கிடத்தி, நகத்தால் கிழித்தார். வந்ததோ கல் தூணிலிருந்து! கல்லுக்கு நம்ம பக்கம் பஞ்சமா?

வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்துச் சின்னக்கொத்தூர் ஒரு காலத்தில் தலைநகரம், தெரியுமா? அன்றைய பெயர் குந்தாணி. 1254-இல் போசள மன்னன் சோமேசுவரன் நாட்டை இரண்டு மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்தான். கன்னட நாடு ஒருவனுக்கு, தமிழ்ப் பக்கம் இராமநாதனுக்கு. கண்ணனூரில் இருந்து ஆண்ட இராமநாதன் பிறகு குந்தாணிக்கு வந்துவிட்டான். அண்ணன் தம்பிக்குள் ஓயாத போர். எதிரே நின்ற அந்தச் சகோதரன் பெயர் என்ன தெரியுமா? மூன்றாம் நரசிம்மன்! போசளர் சின்னமோ, வீரன் ஒருவன் சிங்கத்தைக் குத்தும் சிற்பம். சிங்கத்தைக் கொல்வதைச் சின்னமாக வைத்துக்கொண்டு, மூன்று அரசர்களுக்கு நரசிம்மன் என்றே பெயர் வைத்த வம்சம் அது!

இதைவிடப் பெரிய அதிசயம் நாமக்கல். அங்கே மலையைக் குடைந்து நரசிம்மர் கோயில் எடுத்தவர்கள் யார்? அதியமான்கள்! நம்ம தகடூர்க்காரர்கள்! தகடூர்தான் இன்றைய தருமபுரி; கிருஷ்ணகிரியே 2004 வரை அந்தத் தருமபுரி மாவட்டத்தில்தானே இருந்தது. எட்டாம் நூற்றாண்டுக் குடைவரை. உள்ளே போய்க் கண் இருட்டுக்குப் பழகும்வரை கொஞ்சம் நில்லுங்கள். நடுவில் ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிறார். அது அமைதி. பக்கச் சுவருக்குத் திரும்பினால் அதே சாமி இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கிறார். கோபமும் சாந்தமும் ஒரே பாறையில்! தனியாகக் கொண்டுவந்து வைத்த சிலை இல்லை, மலையேதான் சாமி. எதிரே 18 அடி ஆஞ்சநேயர், தலைக்கு மேல் கூரையே இல்லாமல், கைகூப்பி அவரைப் பார்த்தபடி நிற்கிறார்.

அங்குள்ள நாமகிரித் தாயார்தான் கணித மேதை இராமானுஜனின் குலதெய்வம், தெரியுமா? சூத்திரங்களைத் தாயார்தான் கனவில் தருகிறாள் என்று அவரே சொல்வார். 1914-இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுமுன் அவர் அந்தக் கோயிலில் இரவு தங்கி உத்தரவு கேட்டதாக அவரது வாழ்க்கை வரலாற்றில் வருகிறது.

மதுரை யானைமலையிலும் இப்படியே. பாண்டியன் அமைச்சர் மாறன்காரி குடைந்த நரசிம்மர், கல்வெட்டுக் காலம் 770! ஆந்திரத்து மங்களகிரியில் நைவேத்தியம் வெறும் பானகம். சாமி வாயில் ஊற்றினால் பாதியைக் குடித்துப் பாதியைத் திருப்பித் தருவார் என்பார்கள். சிம்மாசலத்திலோ வருடம் முழுக்கச் சந்தனக் காப்பு. அட்சய திருதியை அன்று மட்டும்தான் நிஜரூபம்!

மறுபடி நம்ம ஊருக்கு வருவோம். நாமக்கல் பாறை உடைபடாமல் நின்றதால்தான் 1,200 வருடத்துக்குப் பிறகும் அதியமான் பெயர் சொல்கிறோம். குந்தாணிப் பக்கத்து எழுத்துக் கல்லும் நடுகல்லும் பல இடங்களில் வயல் வரப்பிலும் புதருக்குள்ளும் கிடக்கின்றன. கண்ணில் பட்டால் துணி துவைக்கவோ மதகுக்குப் போடவோ விடாதீர்கள். சுண்ணாம்பும் அடிக்க வேண்டாம். ஒரு போட்டோ எடுத்து, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.