முறையிடாத நோய்

பம்பலப்பிட்டியில் எமது மாடிவீட்டின் மேல்தளத்தில் வசிக்கும் பெரியவர் ஒருவர் மாலைதோறும் மரைன் டிறைவில் உலாவப் போவார். இரத்த அமுக்கத்துக்கு வைத்தியர் கொடுத்த குளிசைகளை அவர் மூன்று மாதமாகத் தொடவில்லை என்பது அண்மையில் தெரியவந்தது. கேட்டபோது, "தம்பி, தலையிடியும் இல்லை, நெஞ்சுநோவும் இல்லை. இல்லாத வருத்தத்துக்கு ஏன் மருந்து?" என்று என்னையே மடக்கினார்.

கேள்வி நியாயமானதாகவே தோன்றும். விடையைத் தேட நாம் கழுத்துவரை போகவேண்டும்.

தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகள் கழுத்தின் இருபுறத்திலும் இரண்டாகக் கிளைக்கின்றன. கிளைக்கும் அவ்விடத்தில், நாடிச் சுவருக்குள் நுண்ணிய நரம்பு முனைகள் உள்ளன. இரத்தத்தின் அமுக்கத்தால் சுவர் விரியுந்தோறும் அவை மூளையின் அடிப்பகுதியாகிய முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து வரும் கட்டளையை இருவகை நரம்புகள் இருதயத்துக்குக் கொண்டுசெல்கின்றன. வேகசு என்னும் நரம்பு துடிப்பைத் தணிக்கும். பரிவு நரம்புகள் அதனைத் துரிதப்படுத்துவதோடு இரத்தக் குழாய்களையும் சுருக்கும். படுக்கையை விட்டு நாம் எழும்போது இரத்தம் கால்களை நோக்கி இறங்க, அமுக்கம் சற்றே குறைகிறது. நாம் உணருமுன்னரே இந்நரம்புகள் அதனைச் சரிசெய்துவிடுகின்றன. கண்மூடாக் காவல் என்றே இதனைச் சொல்லலாம்.

ஆனால் அந்தக் காவலுக்கும் ஒரு குறை உண்டு. அமுக்கம் நெடுநாள் உயர்ந்தே நின்றால், கழுத்து நரம்புகள் அவ்வுயர்வையே இயல்பென ஏற்றுத் தம் அளவை மாற்றிக்கொள்கின்றன. எங்கள் ஊரிற் புகையிரதப் பாதையோரம் குடிவருவோர் சில வாரங்களில் வண்டியோசை கேளாமலே உறங்கப் பழகிவிடுவதில்லையா, அதுபோலத்தான். உடல் முறையிடாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கிடையே இருதயத் தசை தடிக்கிறது. மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள சிறு குழாய்கள் பழுதடைகின்றன.

நரம்பின் ஆட்சியைத் தளர்த்தினால் அமுக்கம் இறங்கும் என்பதை உலகுக்குக் காட்டியவற்றுள் நம் பக்கத்து வேர் ஒன்றும் உண்டு. அதுதான் சர்ப்பகந்தி, சிங்களத்தில் ஏகவேரிய. பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அதன் பயனைப் பிரித்தானிய இருதயவியற் சஞ்சிகையில் எழுதினார். 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்து றெசேர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். பரிவு நரம்பு முனைகளிற் சேமிக்கப்பட்டிருக்கும் நோரட்ரீனலினை அது வற்றச்செய்கிறது. சிலருக்கு மனச்சோர்வு கண்டமையாலும், வேறு நல்ல மருந்துகள் வந்தமையாலும் இன்று அதனைக் கொடுப்பது அருமை. வேரைத் தேடிக் கஷாயம் வைக்க எவரும் புறப்படவேண்டாம்!

இன்றைய மருந்துகளில் ஒன்று போதாமல் இரண்டு, மூன்று என்று சேர்க்கும்போது பலருக்குச் சலிப்பு வந்துவிடுகிறது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் இலங்கையின் நகர வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. மூன்று மருந்துகளைச் சிறு அளவில் ஒரே குளிசையில் அடக்கிக் கொடுத்தபோது, ஆறாம் மாதத்தில் நூற்றுக்கு 70 பேரின் அமுக்கம் வேண்டிய அளவுக்கு இறங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சையில் அத்தொகை 55.

நம் பெரியவரை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, கையிற் பட்டியைச் சுற்றி அளந்தோம். 178க்கு 102! "இதுவோ?" என்று கேட்டவர், சற்றுநேரம் கடலையே பார்த்திருந்தார். மறுநாட் காலை, வைத்தியரின் பழைய துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் புறப்பட்டார்.